ஆறு நாள் இளைஞர் பயிற்சி: பிள்ளைகளை அனுப்பிய ஊரிலிருந்து ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பை மையமாகக் கொண்டு இயங்கும் அரச சார்பற்ற நிறுவனம் ஒன்று, காலநிலை மாற்றத்தையும் சமாதானத்தையும் ஒரே பாடமாகச் சேர்த்து, இளம் தொண்டர்களுக்கு ஆறு நாள் வதிவிடப் பயிற்சி ஒன்றை நடத்திவருகிறது. சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் அதற்கு நான்கு பேரை அனுப்பியது. அவர்களில் இருவர் பெண் பிள்ளைகள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால்தான் விடுவோம் என்று பெற்றோர் சொன்னதால், சங்கச் செயலாளர் என்ற முறையில் நானும் ஆறு நாளும் அங்கேயே தங்கினேன். அடுத்த அணிக்கு விண்ணப்பம் கோரப்பட்டிருக்கும் இந்த நேரத்தில், அயலூர்ச் சங்கங்களில் உள்ளவர்கள் பலர் "பிள்ளைகளை அனுப்பலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அனுப்பலாம் என்பதுதான் என் பதில். ஆனால், அங்கே எது நன்றாகக் கிடைக்கும், எது கிடைக்காது, எதை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை; குறைகளை அவர்களுடைய அலுவலகத்துக்கே எழுத்தில் கொடுத்துவிட்டேன்.

பெற்றோர் முதலில் கேட்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. போக்குவரத்துச் செலவையும் அவர்களே தந்தார்கள். வாவிக்கரையோரம் ஒரு பழைய விடுதியில் தங்கவைத்தார்கள். பெண்களுக்குத் தனி மாடி, இரவில் பெண் பொறுப்பாளர் ஒருவர், ஹலால் முறைப்படி இயங்கும் சமையலறை, விரதம் பிடிப்பவர்களுக்கு மரக்கறிச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு இடைவேளை என்று எல்லாவற்றையும் யோசித்து ஒழுங்குசெய்திருந்தார்கள். பாதுகாப்பிலும் சாப்பாட்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பங்குபற்றியவர்கள் 32 பேர். தமிழரும் முஸ்லிம்களும் ஏறக்குறைய சம அளவில் இருந்தார்கள். மகாஓயாப் பக்கத்திலிருந்து சிங்களப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அறைகளை இனம் பார்க்காமல் கலந்து கொடுத்தது நல்ல முடிவு. முதல் இரவு யாரும் யாருடனும் பேசவில்லை. மூன்றாம் இரவு, பேச்சை நிறுத்திப் படுக்கச் சொல்வதற்காகவே பெண் பொறுப்பாளர் இரண்டு முறை மாடிக்கு ஏறி வர வேண்டியிருந்தது.

முதல் நாள் பெரும்பாலும் வீணாயிற்று. காலை எட்டரை மணியிலிருந்து மாலை வரை திரையில் படங்கள் ஓடின. உருகும் பனிமலையையும் வெள்ளைக் கரடியையும் பரிஸ் உடன்படிக்கையின் 1.5 பாகை வெப்ப உயர்வு எல்லையையும் பற்றி வளவாளர் (பயிற்றுநர்) ஒருவர் விளக்கினார். சொன்னவை எல்லாம் உண்மைதான். ஆனால் 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியைப் பற்றிப் பாட்டனிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, 2004 கடற்கோளில் (சுனாமியில்) உறவுகளை இழந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு, 2011 தை மாத வெள்ளத்தைச் சிறு வயதில் கண்டவர்களுக்கு, பாடத்தைத் துருவப் பகுதியிலிருந்து தொடங்கியது பொருந்தவில்லை. இவற்றில் எது காலநிலையோடு தொடர்புடையது, எது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது என்று பிரித்துக் காட்டியிருந்தாலே அரை நாள் பயனுள்ள பாடமாக அமைந்திருக்கும். எங்கள் பிள்ளைகளில் ஒருவன் அன்றிரவு என்னிடம், "கடற்கோளும் காலநிலை மாற்றத்தால்தானே அண்ணன் வந்தது?" என்று கேட்டான். பகல் முழுவதும் வகுப்பில் இருந்த பிள்ளை இப்படிக் கேட்டால், பிழை பிள்ளையிடம் இல்லை.

கைநூலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல தாளில், வண்ணப் படங்களுடன் அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தில் எழுதி, சொல்லுக்குச் சொல் தமிழாக்கியது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. 'சமூக மீளெழுதிறன் கட்டமைத்தல்' என்று ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பு. வெள்ளம் வடிந்த பிறகு ஓர் ஊர் எப்படி மறுபடியும் எழும்புகிறது என்பதுதான் அந்த அத்தியாயத்தின் பொருள் என்று பிள்ளைகளே கடைசியில் கண்டுபிடித்தார்கள். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 2015 டிசம்பர் 9ஆம் திகதி நிறைவேற்றிய 2250ஆம் இலக்கத் தீர்மானத்துக்கு ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். இளைஞர்களைச் சமாதானத்தைக் கட்டுவதில் பங்காளிகளாகப் பாதுகாப்புச் சபை ஏற்றுக்கொண்ட முதல் தீர்மானம் அது. 18 முதல் 29 வயது வரை என்ற எல்லையைப் பயிற்சிக்கு வைத்திருப்பதும் அந்தத் தீர்மானம் தரும் வரைவிலக்கணத்தைப் பின்பற்றித்தான். இருபது வயதுப் பிள்ளை ஒன்று நாளைக்குப் பிரதேச செயலகத்தில் போய் நிற்கும்போது, "எங்களையும் கூட்டத்துக்குக் கூப்பிட வேண்டும்" என்று கேட்பதற்கு அதில் ஒரு பிடிமானம் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொடுக்காமல், பந்தி பந்தியாக வாசிக்கவைத்தது வீண்.

இரண்டாம் நாள்தான் பயிற்சி உண்மையில் தொடங்கியது. அன்று வந்த வளவாளர், வயதில் இளையவர், வாழைச்சேனைப் பக்கத்தைச் சேர்ந்த பெண். திரையைச் சுருட்டி வைத்துவிட்டு, கதிரைகளை வெளியே தூக்கிப் போடச் சொல்லி, மண்டபத்தின் வெறும் சீமெந்துத் தரையில் கோலமாவால் மட்டக்களப்பு வாவியை வரையச் சொன்னார். 56 கிலோமீற்றர் நீளமான வாவி. அதன் இரண்டு கரைகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள்தான் அங்கே இருந்த பலர். ஆனாலும் அதை முழுதாக வரைய ஒருவராலும் முடியவில்லை. ஒவ்வொருவருக்கும் தன் ஊர் தொடும் கரை மட்டும் தெரிந்தது. எழுவான்கரை, அதாவது கிழக்குக் கரைப் பிள்ளைகள், மேற்குக் கரையான படுவான்கரையை ஒரு நேர்கோடாக இழுத்தார்கள். படுவான்கரைப் பிள்ளைகள் கடலோரத்தில் தமிழூரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும் ஒழுங்கைத் தப்பாக வைத்தார்கள். ஒருவர் போட்ட கோட்டை மற்றவர் காலால் அழித்து, குனிந்து, மறுபடியும் போட்டு, நண்பகலுக்குள் தரையில் ஒரு வாவி உருவாயிற்று. பாலமீன்மடு முகத்துவாரம் வடக்கே, கல்லாற்றுப் பக்கத்து வாய் தெற்கே, உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் நீர் மேற்கே என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கு வந்தது. கையெல்லாம் வெள்ளை மாவோடு அவர்கள் அதைச் சுற்றி நின்று பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தக் கோலமாவு வாவியை வைத்துக்கொண்டுதான் பிற்பகலில் முகத்துவாரம் வெட்டும் பிரச்சினையை எடுத்தார்கள். நம் மாவட்டத்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கோடையில், வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். மாரியில் மழை கூடி வாவி நிரம்பும்போது, பெரும்போகத்துக்கு விதைத்த இளம்பயிர் நீருக்குள் போய்விடும் என்று விவசாயிகள் அந்த மணல் திட்டை உடனே வெட்டச் சொல்வார்கள். நேரத்துக்கு முந்தி வெட்டினால் மீனும் இறாலும் நீரோடு கடலுக்குப் போய்விடும், வாவி வற்றிவிடும் என்று மீனவர்கள் பொறுக்கச் சொல்வார்கள். மாவட்டச் செயலகத்தில் எல்லாத் தரப்பையும் கூட்டி முடிவெடுத்து, மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து வெட்டுவார்கள். மழை ஒரே சீராகப் பெய்த காலத்தில் இந்தத் திகதியைக் கணிப்பது ஓரளவு எளிது. ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டும்போது, கூட்டம் கூடுவதற்குள் வட்டை (வயல்வெளி) மூழ்கிவிடுகிறது. காலநிலை மாற்றம் என்பது நம் ஊரில் எந்த வாசலால் உள்ளே வந்து யாரை யாரோடு மோதவைக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இருக்க முடியாது.

வளவாளர் அவர்களை இரண்டு தரப்பாகப் பிரித்தார். ஆனால் மாற்றிப் பிரித்தார். வயல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் மீனவர் சங்கமாக உட்கார்ந்தார்கள், வலை கட்டும் வீட்டுப் பிள்ளைகள் கமக்காரர் அமைப்பாக உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுடைய தகப்பனுக்குப் படுவான்கரையில் மூன்று ஏக்கர் இருக்கிறது. அவன் மீனவனாக நின்று, "உங்களுக்குப் பயிர் போனால் நட்டஈட்டுப் படிவம் இருக்கிறது, எங்களுக்கு மீன் போனால் எந்தப் படிவம் இருக்கிறது?" என்று கேட்டான். எதிர்ப்பக்கத்தில் இருந்த முஸ்லிம் பிள்ளை, உண்மையில் மீனவர் குடும்பம், சிறிது நேரம் பேசாமல் இருந்தான். தன் வாப்பா வழக்கமாகச் சொல்வதை அவன் இன்னொருவன் வாயால் கேட்டான். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே இந்தப் பயிற்சிக்கு என் முழுப் பாராட்டும் உண்டு. சமாதானத்தைத் தனி வகுப்பாக வைத்து, அன்பு, சகிப்புத்தன்மை என்று சுவரொட்டி எழுதவைக்கும் பயிற்சிகளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். தண்ணீரையும் நிலத்தையும் பேசாமல் அவற்றைப் பேசினால் அது பிள்ளைகளுக்குள் இறங்குவதில்லை.

இங்கே ஒரு பெருங்குறையும் இருந்தது. சிங்களப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்பு ஒழுங்காக இல்லை. அலுவலக உதவியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். விவாதம் சூடுபிடித்ததும் அவரும் கேட்பவராகிவிட்டார். இத்தனைக்கும் அந்த ஐவரிடம் மற்றவர்களுக்குத் தெரியாத செய்தி இருந்தது. மகாஓயாவில் இரவிரவாக மழை பெய்தால் முந்தனை ஆறு பெருகி வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை அவர்களில் ஒருத்தி, தேநீர் இடைவேளையில், உடைந்த தமிழில், ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் உள்ள கிரான் பக்கத்துப் பையனிடம் சொன்னாள். புலிபாய்ந்தகல் வீதி மூழ்குவதை ஆண்டுதோறும் பார்ப்பவன் அவன். மேலே எப்போது மழை தொடங்கியது என்பதை ஒருபோதும் அறிந்ததில்லை. இருவரும் தொலைபேசி இலக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். 2024 நவம்பர் இறுதியில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதை அன்று பலரும் நினைவுபடுத்திப் பேசினார்கள். மேலேயிருந்து கீழே ஒரு சொல் நேரத்துக்கு வந்து சேர்வது எத்தனை உயிருக்குச் சமம் என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவைப்படவில்லை. அந்த உரையாடல் தேநீர் இடைவேளைக்கு வெளியே, மண்டபத்துக்குள், நல்ல மொழிபெயர்ப்பாளரோடு நடந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை, நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்று நடந்தது. முரண்பாட்டைப் பற்றிய பாடத்தின் நடுவே ஒரு பெண் பிள்ளை எழுந்து, "தொண்ணூறாம் ஆண்டைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?" என்று கேட்டாள். மண்டபம் அடங்கிப்போயிற்று. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்டதும், அடுத்த மாதம் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்படத் தமிழ் மக்கள் கொல்லப்பட்டதும் அங்கே இருந்த ஒவ்வொரு வீட்டிலும் வேறு வேறு விதமாகச் சொல்லப்படும் கதைகள். ஏற்பாட்டாளர்களில் ஒருவர் பேச்சை மாற்றப் பார்த்தார். அந்த இளம் வளவாளர் மாற்றவிடவில்லை. விரும்பியவர்கள் இருக்கலாம், விரும்பாதவர்கள் வெளியே போகலாம் என்று சொல்லி, ஒரே ஒரு விதியை வைத்தார்: ஒருவர் தன் வீட்டு இழப்பைச் சொல்லும்போது மற்றவர் தன் பக்கத்து எண்ணிக்கையைப் பதிலாகச் சொல்லக் கூடாது, கேட்டதைத் தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி, தான் பிறப்பதற்கு முன்பே காணாமற்போன பெரியப்பாவைப் பற்றிச் சொன்னாள். எதிரே இருந்த முஸ்லிம் பிள்ளை அதைத் திரும்பச் சொன்னாள். சொல்லும்போது பெரியப்பாவின் பெயரைத் தப்பாக உச்சரித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, சரியாக ஒருமுறை சொன்னாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை, ஒளிப்படம் எடுக்கவில்லை.

ஆனால் அன்றிரவு எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு உறக்கமில்லை. பொறுப்பாளர் அக்காவும் நானும் விறாந்தையில் அவளுடன் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். இப்படிப்பட்ட பேச்சைத் திறந்துவிடும் பயிற்சியில் உளவளத்துணையாளர் ஒருவர் தங்கியிருக்க வேண்டும், இருக்கவில்லை. நல்ல மனது மட்டும் அந்த நேரத்தில் போதாது. அனுப்பும் சங்கங்கள் எல்லாம் இதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

நான்காம் நாள் கண்டல் (சதுப்புநில மரம்) நடுகை. முழுப் பயிற்சியிலும் எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தந்த நாள் அதுதான். பதாகை கட்டி, தொப்பி கொடுத்து, பொலித்தீன் பைகளில் வளர்த்த முந்நூறு கன்றுகளை ஒரு மணி நேரத்தில் நட்டு முடித்தார்கள். எங்களைத் தோணியில் ஏற்றி வந்த வயதான மீனவர் இறங்கி நின்று பார்த்துவிட்டு, "மகன், இது மணல் மேடு. தண்ணி இதுவரைக்கும் ஏறி இறங்குகிறதில்லை. கண்டல் இங்கே நிற்காது, அந்தச் சேற்றுப் பக்கம் நடுங்கோ" என்றார். சேற்றுப் பக்கம் போனால் கால் புதையும், படம் எடுக்க வசதியில்லை என்று ஏற்பாட்டாளர் சொன்னார். கடற்கோளுக்குப் பிறகு இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூடத் தப்பவில்லை என்று சொல்கிறது. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் எடுத்த முயற்சியில் இருநூறு ஹெக்டேர் அளவில்தான் பலன் கிடைத்திருக்கிறது. நீர் ஏறி இறங்கும் மட்டத்தைப் பார்க்காமல் இடத்தைத் தெரிவுசெய்தது, நட்ட பிறகு கவனிக்காமல் விட்டது, கட்டாக்காலி மாடுகள் மேய்ந்தது ஆகியவை காரணங்களில் சில. அந்த மீனவர் ஆய்வு எதையும் படிக்கவில்லை. படித்தவர்கள் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். தை மாதத்தில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். பதினொரு கன்று நின்றது. பதாகை கட்டிய கம்புகள் இரண்டும் உறுதியாக நின்றன.

இளைஞர் தொண்டு என்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1958இல் கொழும்பு நாளந்தா கல்லூரி ஆசிரியராக இருந்த ஏ. டி. ஆரியரத்ன தன் மாணவர்களைக் கனத்தொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்கு அழைத்துச் சென்று நடத்திய முகாமிலிருந்துதான் சர்வோதய இயக்கம் வளர்ந்தது. அந்த மாணவர்கள் ஊராரோடு தங்கி, ஊராரோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சிரமதானம் என்ற சொல் இன்று தமிழிலும் வீட்டுச் சொல்லாகிவிட்டதற்கு அதுவே காரணம். தோணிக்கார ஐயாவைக் கூலிக்கு அமர்த்திய படகோட்டியாக நிறுத்தாமல், அன்றைய வளவாளராக அமர்த்தியிருந்தால் நான்காம் நாளும் இரண்டாம் நாளைப் போலவே அமைந்திருக்கும்.

கடைசி இரண்டு நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. திட்ட முன்மொழிவு எழுதுதல், வரவு செலவு போடுதல், பிரதேச செயலகத்துக்குக் கடிதம் எழுதும் முறை, கூட்டம் நடத்திக் குறிப்பெடுத்தல் ஆகியவற்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றில் கடிதமும் கூட்டக் குறிப்பும் பிள்ளைகளுக்குப் பிறகு மிகவும் உதவின. சான்றிதழ் வழங்கினார்கள். மாதம் ஒருமுறை வளவாளர் ஊருக்கு வருவார், ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு தவணையாகச் சிறு நிதி தரப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊருக்கு வந்த பிறகு நடந்ததை வைத்துத்தான் இந்தப் பயிற்சியை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரும் பக்கத்து முஸ்லிம் ஊரும் ஒரே வடிச்சல் வாய்க்காலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எங்கள் பக்கத்தில் தொடங்கி, அவர்கள் பக்கத்தால் ஓடி, வாவியில் விழும் வாய்க்கால் அது. மாரியில் வெள்ளம் நின்றால், அவர்கள் குப்பை போட்டு அடைத்துவிட்டார்கள் என்று நாங்களும், எங்கள் ஊர்க் கழிவெல்லாம் தங்கள் தலையில் வருகிறது என்று அவர்களும் சொல்லிச் சொல்லிப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது. நான்கு பிள்ளைகளும், பயிற்சியில் கூடவே இருந்த அந்த ஊர்ப் பிள்ளைகள் மூவரும், ஐப்பசி முதல் கிழமையில் வாய்க்காலைத் தலையிலிருந்து கால்வரை நடந்து பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். நடந்து பார்ப்பதைப் பயிற்சியில் ஒரு பாடமாகவே செய்திருந்தார்கள். ஒரு மூங்கில் கம்பில் அடிக்கு ஒரு கோடாக நகச் சாயத்தால் குறித்து, ஒவ்வொரு மதகிலும் இறக்கி ஆழம் பார்த்தார்கள். ஒருத்தி பயிற்சிக் கொப்பியில் எழுதினாள், ஒருவன் படம் எடுத்தான், ஒருவன் கம்பைக் கழுவினான்.

அடைப்பு பதினேழு இடத்தில் இருந்தது. அவற்றில் பத்து எங்கள் ஊர் எல்லைக்குள். அந்தப் பத்தில் ஒன்று, ஒழுங்கைக்குப் பாதை போடும்போது எங்கள் சங்கமே மலிவுக்காகப் பதித்த ஒடுக்கமான குழாய். அந்தச் செலவுச் சிட்டையில் என் கையொப்பமும் இருக்கிறது. பிள்ளைகள் கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்துவைத்துவிட்டுப் பேசாமல் நின்றார்கள். "இதையும் கூட்டத்தில் சொல்லட்டுமா அண்ணன்?" என்று எழுதிய பிள்ளை கேட்டாள். சொல்லச் சொன்னேன்.

கூட்டம் பொது நூலகத்தில் நடந்தது. கிராம உத்தியோகத்தர்கள் இருவரும், கோயில் பரிபாலன சபையிலிருந்தும் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்தும் பெரியவர்களும் வந்திருந்தார்கள். எங்கள் பிள்ளை எழுந்து, "முதலில் எங்கள் ஊரில் உள்ள பத்தையும் வாசிக்கிறேன்" என்று தொடங்கினாள். குழாய் விடயத்தையும் வாசித்தாள். அவள் வாசித்து முடித்ததும் பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து வந்த காக்கா (அண்ணன்) ஒருவர், தன் ஊர்க் கணக்கைத் தங்கள் பிள்ளைகள் வாசிக்கும்வரை காத்திராமல், கடைத்தெருப் பின்பக்கம் உள்ள மிகப் பெரிய அடைப்பைத் தாங்களே அகற்றித் தருவதாக எழுந்து சொன்னார். அடுத்து வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு ஊரும் சேர்ந்து சிரமதானம் செய்தோம். குழாயை எடுத்துவிட்டு அகலமான ஒன்றைப் பதித்தோம். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கார்த்திகை மழையில் எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் தண்ணீர் நிற்கத்தான் செய்தது. ஆனால் அது மூன்று நாளில் வடிந்தது. நின்ற மூன்று நாளும் பழைய பேச்சை நான் யார் வாயிலும் கேட்கவில்லை.

இந்த வேலை நடந்த காலம் முழுவதும் நிறுவனத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மாதாந்த வருகை ஒருமுறைகூட நடக்கவில்லை. நிதியின் முதல் தவணை, மழை தொடங்கி வாய்க்கால் வேலை எல்லாம் முடிந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் வந்தது. இரண்டாம் தவணை வரவில்லை. விசாரித்தபோது, திட்டக் காலம் மார்கழியோடு முடிந்துவிட்டது, வளவாளர்கள் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள், இப்போது வேறு இடத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்த இளம் வளவாளர் மட்டும் தன் சொந்தத் தொலைபேசியில் பிள்ளைகளுக்கு இன்றும் பதில் சொல்கிறார். அது அவருடைய நற்குணம், நிறுவனத்தின் ஏற்பாடு இல்லை. வந்த முதல் தவணைக்கு அவர்கள் அனுப்பிய வருகைப் பதிவுப் படிவத்தில் பெயருக்குப் பக்கத்தில் 'இனம்' என்று ஒரு நிரல் இருந்தது. மண்வெட்டியோடு நின்றவர்களிடம் போய் அதைக் கேட்க வேண்டிய நிலை பிள்ளைகளுக்கு வந்தது. அவர்கள் அந்த நிரலை வெறுமையாக விட்டு அனுப்பினார்கள். நிரப்பித் தரும்படி படிவம் திரும்பி வந்தது. சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுத்தவர்களே பிரித்து எண்ணச் சொல்வதை அந்த வயதில் ஏற்றுக்கொள்வது கடினம். நிதி தருபவர்களுக்கு அந்தக் கணக்கு தேவையென்றால், அலுவலகத்திலேயே வேறு வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

யாரை அனுப்புவது என்பதிலும் எங்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. நன்றாகப் பேசுபவன் என்பதற்காக அனுப்பிய பையன் நான்காம் மாதம் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். குடும்ப நிலைமை அப்படி, அவனில் பிழை இல்லை. கூச்ச சுபாவம் என்று நாங்கள் தயங்கித் தயங்கி அனுப்பிய பிள்ளைதான் அந்தக் கொப்பியை எழுதியவள், கூட்டத்தில் வாசித்தவள். தையல் பயிற்சிக்குப் போய்க்கொண்டு ஊரிலேயே இருக்கிறாள். அடுத்த இரண்டு ஆண்டு ஊரில் இருக்கப்போகிறவர்களைத் தெரிந்து அனுப்புவது நல்லது. இரண்டு அயலூர்கள் கலந்து பேசி ஒரே அணிக்குப் பிள்ளைகளை அனுப்பினால் பயன் இன்னும் கூடும். எங்களுக்கு அது தற்செயலாக அமைந்தது.

இந்த முறை விண்ணப்பத்துடன் எங்கள் சங்கம் ஒரு கடிதமும் இணைத்திருக்கிறது. உளவளத்துணையாளர் ஒருவர் ஆறு நாளும் தங்க வேண்டும். சிங்களத்துக்கும் தமிழுக்கும் தேர்ந்த மொழிபெயர்ப்பாளர் இருக்க வேண்டும். நடுகை செய்வதானால் இடத்தை மீனவர் சங்கம் காட்ட வேண்டும். நிதியை ஐப்பசி மழைக்கு முன் தர வேண்டும். பயிற்சி முடிந்து ஆறு மாதம் வளவாளர் ஒருவர் ஊருக்கு வந்துபோவார் என்பதை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறோம். கடிதத்தின் பிரதியைத் தேவைப்படும் சங்கங்களுக்குத் தருகிறேன். எங்களுக்கு ஒதுக்கிய நான்கு இடங்களுக்கு இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் மூவர் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்.